வீட்டு மூணு

ஜூன் 9, திங்கள்
நூலக வாசிப்பறை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். எனக்கே பாதகமான உண்மையாக இருந்தாலும் எழுதுவேன். முதல் உண்மை: உன் மேல் எனக்குக் கோபம்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முதல் பக்கம் முழுக்க வார்டு, ஊசி, சிடுமூஞ்சித் தலைமை நர்ஸ். இரண்டாவது பக்கத்தின் அடியில், போகிற போக்கில், ஜூலை மாத பிரிட்ஜ் போட்டிக்கு நீயும் உன் அறைத்தோழியும் பெயர் கொடுத்துவிட்டதாக ஒரு வரி. அந்த வரியை ஏழு முறை படித்தேன். படிக்கப் படிக்க அது சின்னதாகிக்கொண்டே போனது, எனக்குத்தான் கோபம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பதினான்கு வயது நிறைந்தவர்களைத்தான் அந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். எனக்குப் பதினான்கு எப்போது வரும் என்று நீயும் நானும் நான்கு வருடம் காத்திருந்தோம். மார்ச்சில் வந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஞாயிறு மாலை சீட்டாட்டம் இங்கே எப்படி ஆகிவிட்டது என்றும் கேட்டுக்கொள். உன் நாற்காலியில் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

“மூணு பேரா எப்படி ஆடறது?” என்றார் அப்பா.

“ஒரு ஆள் ஊமையா இருந்தா ஆடலாம்,” என்றாள் அம்மா. “இவதான் நேத்துலேந்து ஊமையா இருக்காளே.”

அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். நம் வீட்டு மூணை உன் அறைத்தோழிக்குச் சொல்லிக்கொடுக்காதே.

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். எனக்குப் பத்து வயது. கையில் பெரிய சீட்டுகளுக்குப் பத்தொன்பது புள்ளி. நான் ‘ஒரு ஆட்டின்’ என்று ஏலத்தைத் தொடங்கினேன். எதிரே என் ஜோடியாக இருந்த நீ ‘ஒரு இஸ்பேட்’ என்றாய். இனி என் இரண்டாவது ஏலம். ‘இரண்டு ஆட்டின்’ என்றால் என் கை சுமார் என்று அர்த்தம், அது பொய். ஒரேயடியாக ‘நான்கு’ என்று தாவினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னும் மேலே போகலாமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. ஆகவே ‘மூன்று ஆட்டின்’ என்றேன். புத்தகத்தின்படி மூன்று என்பது வெறும் அழைப்பு. எதிரே இருப்பவரின் கை மெலிந்திருந்தால் ‘பாஸ்’ சொல்லி நிறுத்திவிடலாம். நீ பாஸ் சொன்னாய். மூன்றுக்கு ஒன்பது பிடி போதும், நான் பத்துப் பிடி எடுத்தேன். நான்கு என்று கேட்டு அதே பத்தை எடுத்திருந்தால் பெரிய பரிசுப் புள்ளி. மூன்று கேட்டதால் கிடைத்தது சில்லறை. நான் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதேன்.

“ஏலத்துல அழுகைக்கு எத்தனை புள்ளி?” என்று அப்பா கேட்டார்.

நீ சிரிக்கவில்லை. “அழாதடி. இனிமே நீ மூணு கேட்டா நான் பாஸ் சொல்லவே மாட்டேன். கையில ஒரு ராஜாகூட இல்லாட்டியும் உன்னை அங்க விட்டுட்டுப் போக மாட்டேன். போதுமா?”

எதிராளியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது விதி என்பதால் அப்பா அம்மாவிடம் அப்போதே சொல்லிவிட்டோம். அம்மாதான் அதற்கு வீட்டு மூணு என்று பெயர் வைத்தாள். நூலகத்து பிரிட்ஜ் புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்க ஓரத்தில் ‘எங்கள் வீட்டில் பாஸ் கிடையாது’ என்று நான் பென்சிலால் எழுதினேன். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு என்று தெரிந்தும் எழுதினேன். அது இன்னும் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன்.

அவள் உன்னை எப்படிக் கூப்பிடுகிறாள்?

உன் தங்கை


ஜூன் 15, ஞாயிறு
விடுதி

அடி புழுவே,

புத்தகப் புழு கடிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. ஐந்து பக்கம்! தபால்காரர் இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நடந்தது இவ்வளவுதான். போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு நினைவு வந்ததே வியாழன் இரவுப் பணி முடிந்து வந்த பிறகுதான். விடுதித் தொலைபேசியில் ஒருவருக்கு ஐந்து நிமிடம், பின்னால் பத்துப் பேர் வரிசை. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். “சீட்டாட வரியா?” என்றேன். “வரேன்,” என்றாள். எழுதிவிட்டேன். உன்னை மறந்து செய்யவில்லை. யோசிக்காமல் செய்தேன். இரண்டும் ஒன்று என்று நீ சொல்வாய்.

அவளை இங்கே எல்லோரும் சுருட்டை என்கிறோம். அந்த முடிக்குள் ஒரு பேனா விழுந்தால் மறுநாள்தான் கிடைக்கும். நல்ல பெண். கை நடுங்காமல் ஊசி போடுவாள். சீட்டில்தான் நடுங்குகிறாள். சாப்பாட்டுக் கூடத்து மேசையைத் துடைத்துவிட்டு, ஒன்பது மணி மணியடிக்கும்வரை ஆடிப் பழகுகிறோம்.

ஆமாம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். என்னைவிட ஒரு வருடம் இளையவள், வேறெப்படிக் கூப்பிடுவாள்? எங்கள் சமையல்காரர்கூட என்னை அக்கா என்கிறார். அவருக்கு ஐம்பது வயது. அவர் மேலும் பொறாமைப்படப் போகிறாயா?

வீட்டு மூணைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சத்தியம்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய்.

அக்கா


ஜூன் 20, வெள்ளி
நூலக வாசிப்பறை

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் “அம்மாடி” என்கிறாள்.

உன் கடிதத்தில் சுருட்டை பற்றி ஒன்பது வரிகள், என்னைப் பற்றி ஆறு. அம்மாவுக்கு ஒன்று. இது குறை அல்ல, கணக்கெடுப்பு.

ஊசி போடும்போது நடுங்காதவள் சீட்டில் நடுங்குவாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. உன்னோடு தினமும் ஒன்பது மணிவரை ஆடுகிறவள் உன்னிடமிருந்து எதையெல்லாம் கற்றிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்காமல் இருக்கத்தான் முயல்கிறேன். அல்ஜீப்ரா வகுப்பில் முடியவில்லை.

இனி செய்தி. நானும் போட்டிக்கு வருகிறேன். கீழ் வீட்டுப் பல் டாக்டர் மாமாவோடு பெயர் கொடுத்திருந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாமா ஆள் தேடி மாடி ஏறி வந்தார்.

“உங்க சின்னப் பொண்ண அனுப்புங்க. பேசாம உக்காருவாளா?”

“பேசாம உக்காருவா. ஆனா தப்புப் பண்ணினீங்கன்னா ஒரு பார்வை பாப்பா,” என்றார் அப்பா. “அதுக்கு உங்க நாற்காலியே தேவலாம்.”

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருடைய சிகிச்சை அறையில் பழகுகிறோம். நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டிக்கு அருகில்தான் மேசை. சீட்டை அவர் பல் பார்ப்பது போல ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். ஏலம் சொல்வதற்கு முன்னால் “வலிக்காது” என்கிறார். போட்டியில் அப்படிச் சொல்லக் கூடாது என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

அவர் ஜோடியாக இருப்பது நன்றாகவே இருக்கிறது. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 27, வெள்ளி

புழு,

மதியப் பணிக்கு ஓடிக்கொண்டே எழுதுகிறேன். நீ போட்டிக்கு வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாமாவின் ‘வலிக்காது’வை நினைத்து மருந்து அறையில் தனியாகச் சிரித்தேன். தலைமை நர்ஸ் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், ஒரு வார்த்தையில் பதில் போதும். வீட்டு மூணை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாயா?

அக்கா


ஜூலை 1, செவ்வாய்

அக்கா,

இல்லை.

தங்கை


ஜூலை 8, செவ்வாய்
நூலக வாசிப்பறை

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று உன்னோடு நான் ஒரு வார்த்தையும் பேசாததால் நீ அறியாதவை இதில் இருக்கும்.

காலையில் கூடத்தில் நுழைந்ததும் உன்னைப் பார்த்தேன். நீ கையசைத்தாய். உன் பக்கத்தில் அவள். படத்தில்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் முடியைப் பார்த்ததும் தெரிந்தது. உன் சட்டைக் காலர் உள்ளே மடங்கியிருந்தது. உன் காலர் எப்போதும் இடது பக்கம்தான் மடங்கும். நீ கிளம்பும் முன் அதை இழுத்துவிடுவது நான். அன்று அவள் இழுத்துவிட்டாள். “அக்கா, ஒரு நிமிஷம் இருங்க,” என்று சொல்லிவிட்டு, உன்னைக் கேட்காமலே. அந்த இடத்திலேயே உன்னோடு பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் என் நாற்காலியில் இருந்த பிஸ்கட் பொட்டலம் உன்னுடையது என்று தெரியும். முழுவதையும் மாமாதான் சாப்பிட்டார்.

உன் மேசை நான்கு, என் மேசை மூன்று. நாம் இருவரும் வடக்கு இருக்கை. எதிரெதிரே உட்காரவே மாட்டோம், ஆனால் ஒரே சீட்டுகளை ஆடுவோம். உன் மேசையில் ஆடி முடித்த தட்டு, நான்கு பைகளிலும் அதே சீட்டுகளோடு, அடுத்த சுற்றில் என் மேசைக்கு வரும். நீ தொட்ட சீட்டுகள் என் கைக்கு வருகின்றன என்பதை நினைத்துக்கொண்டே காலை முழுக்க இருந்தேன்.

இரண்டாம் சுற்றில் பதினொன்றாம் தட்டு வந்தது. ஆட்டின் ஆறு: ஏஸ், ராஜா, ராணி, பத்து, ஏழு, மூன்று. டைமன் ஏஸ், ராஜா, ஐந்து. கிளாவர் ராணியோடு மூன்று. இஸ்பேட் ஒற்றை ஆறு. பதினெட்டு புள்ளி.

ஒரு ஆட்டின் என்றேன். மாமா ஒரு இஸ்பேட் என்றார். பத்து வயதில் வந்த அதே இடம். ‘இரண்டு’ என்றால் பொய். நான்கு, கதவைச் சாத்துவது. நான் மூன்று என்றேன். மாமாவிடம் இருந்தது ஆறே புள்ளி: இஸ்பேட் ராஜா, ஜாக்கி, டைமன் ராணி. ஆட்டினில் இரண்டு பொடிச் சீட்டு. புத்தகம் படித்த யாரும் அதை வைத்துக்கொண்டு பாஸ்தான் சொல்வார்கள். மாமா, வாயைத் திற என்று சொல்லும் குரலில், “நாலு ஆட்டின்,” என்றார்.

எனக்கு இடப்பக்கம் இருந்த வக்கீலம்மா கேட்டார்: “அந்த மூணுக்கு என்ன அர்த்தம்?”

விதிப்படி ஜோடிதான் பதில் சொல்ல வேண்டும். “அது பாஸ் சொல்லக் கூடாத மூணுங்க,” என்றார் மாமா. “அவங்க வீட்டு மூணாம்.”

ஆமாம் அக்கா. நான் சொல்லிக்கொடுத்தேன். ஜூன் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, உன் சத்தியம் வந்த அதே மாலை. நீ எப்படியும் அவளிடம் சொல்லியிருப்பாய், சத்தியம் என்பது என் வாயை அடைக்க எழுதியது என்று நினைத்தேன். நீயே கொடுத்துவிட்டபிறகு நான் மட்டும் ஏன் காவல் காக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நீ கேட்டபோது ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுத அரை மணி நேரம் ஆனது.

பத்துப் பிடி வந்தது. தட்டோடு வரும் மதிப்பெண் தாளை ஆட்டம் முடிந்த பிறகுதான் பிரிக்கலாம். வடக்கில் இருப்பவள் என்பதால் நான் பிரித்தேன். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, உன் கையெழுத்தில். ‘ஜோடி 4. மூன்று ஆட்டின். பத்துப் பிடி.’

முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. உண்மை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். நீ மூன்றில் நின்றுவிட்டாய், நான் ஜெயித்தேன் என்று மூன்று நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது. பதினெட்டுப் புள்ளி இருக்கும்போது, பாஸ் சொல்லக்கூடிய ஜோடியிடம் நீ மூன்று கேட்கவே மாட்டாய், நேராக நான்கு கேட்பாய். அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீ. நீ உன்னை மறந்து, நான் எதிரே இருப்பது போல மூன்று கேட்டிருக்கிறாய். சுருட்டை புத்தகத்தில் இருப்பதுபோல் பாஸ் சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. நீ அவளுக்குச் சொல்லவே இல்லை.

உன் வரிக்குக் கீழே ‘ஜோடி 3. நான்கு ஆட்டின். பத்துப் பிடி’ என்று எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். அது நன்றாகத்தான் எழுதியது.

முடிவு உனக்குத் தெரியும். நாங்கள் முதல், நீங்கள் இரண்டாவது, நடுவில் மூன்று புள்ளி. அந்த ஒரு தட்டில் மட்டும் நீ நான்கு புள்ளி இழந்தாய். கோப்பை மாமாவின் சிகிச்சை அறை ஜன்னலில் இருக்கிறது. விற்பனைக்கு வந்த பல் துலக்கும் பிரஷ்களை அதில் செருகி வைத்திருக்கிறார்.

இதற்குமேல் எழுத என்னிடம் உண்மை இல்லை.

தங்கை


ஜூலை 13, ஞாயிறு
விடுதி

தங்கச்சிக்கு,

எனக்கு முன்பே தெரியும். அந்த வக்கீலம்மா மூன்றாம் சுற்றில் எங்கள் மேசைக்குத்தான் வந்தார். உட்காரும்போதே, “பக்கத்து மேசையில ஒரு வாண்டும் ஒரு பல் டாக்டரும் என்னமோ வீட்டு மூணுன்னு வெச்சிருக்காங்கப்பா, பல்லப் புடுங்கற மாதிரி புடுங்கிட்டாங்க,” என்றார். சுருட்டை சிரித்தாள். எனக்குச் சீட்டு மங்கலாகத் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு தட்டு என்ன ஆடினேன் என்றே நினைவில்லை.

நீ பிஸ்கட்டைத் தொடாததற்கு எனக்குக் கோபம் இல்லை. கோப்பைக்கும் இல்லை. மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக்கூட, யோசித்துப் பார்த்தால், பாதிக் கோபம்தான். உன் பெயரை எழுதாமல் விட்டவள் நான். அந்த ‘இல்லை’ இருக்கிறதே, அதற்குத்தான். அந்தக் கடிதத்தை வார்டு கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் சுற்றினேன். பாவம் குழந்தை, ஒற்றை வார்த்தையில் சத்தியம் பண்ணியிருக்கிறாள் என்று.

நீ உண்மை எழுதுகிறாய் அல்லவா, நானும் ஒன்று எழுதுகிறேன். ஆறு புள்ளியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் உன் மூணுக்கு நாலு சொன்னார் என்று கேட்டதும் எனக்கு எரிந்தது. பிரசவ வார்டில் சுடுநீர்ப் பையை மடியில் கவிழ்த்துக்கொண்டேனே ஒருமுறை, அதைவிட. அந்த நாலைச் சொல்ல வேண்டியவள் நான். நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன்.

என் பக்கத்துக் கதை இவ்வளவுதான்: மூணு என்று வாயில் வந்துவிட்டது. சுருட்டை பாஸ் என்றதும் நான் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் உன் பின்னலைத்தான் பார்த்தேன்.

இத்துடன் டிசம்பர் போட்டியின் படிவம் இருக்கிறது. முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரி காலி. சுருட்டை கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. நீ நிரப்பி நேராக அனுப்பிவிடு. யார் பெயரை எழுதினாலும் அவர்களோடு ஆடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். கடைசி நாள் இருபத்தொன்று.

அக்கா


ஜூலை 18, வெள்ளி
நூலக வாசிப்பறை

அன்புள்ள அக்கா,

படிவம் இரண்டு நாளாக என் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நேற்று அதில் பென்சிலால் சுருட்டையின் பெயரை எழுதினேன். எழுதியதும் நான் மிகவும் பெரிய மனுஷி ஆகிவிட்டதுபோல் இருந்தது. கண்ணாடியில் போய் முகத்தைக்கூடப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

“யாரை வயித்துல வெச்சுண்டு சாப்பிடற?” என்றாள் அம்மா.

“ஒரு சுருட்டை முடிக்காரிய,” என்றேன்.

“அப்ப எறங்காதுதான்,” என்றார் அப்பா.

எழுந்துபோய் அழித்துவிட்டேன்.

இன்று பள்ளி விட்டதும் மாமாவின் சிகிச்சை அறைக்குப் போனேன். ஒரு குழந்தை நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தது. நான் வாசலிலேயே நின்று சொன்னேன்: “மாமா, அந்த மூணை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே கூடாது. அது எங்க அக்காவோடது. திருப்பிக் குடுத்துடுங்க.”

அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். “பல்லுன்னா புடுங்கிடலாம். தெரிஞ்சத எப்படிம்மா புடுங்கறது?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி. இனிமே நீ மூணு கேட்டா, கையில ஏதாவது இருந்தாத்தான் நாலு. இல்லாட்டி பாஸ். எல்லாரும் மாதிரி. வலிக்குதா?” என்றார்.

“கொஞ்சம்,” என்றேன். குழந்தை வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தது.

அங்கிருந்து நேராக இங்கே வந்து படிவத்தை நிரப்பினேன். இரண்டாவது வரியில் என் பெயர் இருக்கிறது. பேனாவால். அது நியாயமா என்று தெரியவில்லை. பொய் சொன்னவள் நான், கோப்பை வாங்கியவளும் நான், இப்போது இதையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு யார் பெயரை எழுதியிருந்தாலும் அது இன்னொரு ‘இல்லை’ ஆகியிருக்கும். நூலகர் மேசையிலிருந்து பசை வாங்கி உறையை ஒட்டிவிட்டேன். வெளியே உள்ள தபால் பெட்டியில் போடுவேன்.

சுருட்டையிடம் என் பெயர் இருப்பதை நீயே சொல்லிவிடு, நல்லபடியாகச் சொல். விடுதியில் அவள் உன்னை அக்கா என்று கூப்பிடட்டும். சமையல்காரரும் கூப்பிடட்டும். உன் காலரை மட்டும் டிசம்பரில் நான் இழுத்துவிடுகிறேன்.

அவளோடு இனி ஆடும்போது ஒன்று செய், அக்கா. பதினெட்டுப் புள்ளியும் ஆறு ஆட்டினும் வந்தால் யோசிக்காதே, நேராக நான்கு கேள். மூன்று கேட்டுவிட்டு அங்கே தனியாக நிற்காதே. மூன்று கேட்பதற்கு நான் வருகிறேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. அதன்மேல் பேனாவால் எழுதலாமா என்று நூலகரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை, கேட்காமல் எழுதவும் இந்தமுறை மனம் வரவில்லை. பென்சிலாலேயே அழுத்தி எழுதியிருக்கிறேன்.

“புத்தகத்தை வெச்சுட்டுக் கெளம்பும்மா,” என்கிறார் நூலகர். ஆறரை ஆகிவிட்டது. சுவரோரத்து வரிசையை முதலில் அணைத்தார், அப்புறம் நடு வரிசை. இப்போது என் தலைக்கு மேலே இருந்த விளக்கையும் அணைத்துவிட்டார்.